ஒடிய வேண்டிய ஆணி

பனியை நான் பார்த்ததில்லை.
தளி ரோட்டில் தை மாத விடிகாலை
பஸ் கண்ணாடியை டிரைவர் மூன்று தரம் துடைப்பாரே,
அவ்வளவுதான் பழக்கம்.

ஆனால் வாசலில் முழங்கால் உயரம் விழுந்ததை
வாரி இருபதடி தள்ளி எறியும் யந்திரத்துக்கு
ஆணி செய்கிறோம்.
ஓசூர் சிப்காட், தகரக் கூரை, பதினேழு பேர்.

சுண்டுவிரல் நீளம்.
நடுவில் நூல் கனத்துக்கு ஒரு பள்ளம்.
அந்த இடத்தில்தான் ஒடிய வேண்டும்.
என் வேலை ஒடித்துப் பார்ப்பது,
நூற்றுக்கு மூன்று.
முள் ஏறும். மூச்சைப் பிடித்திருப்பேன்.
டக்.
எண்ணை எழுதுவேன்.
குறித்த பாரத்துக்கு முன்னால் ஒடிந்தால்
சிவப்பு டப்பா.
தாண்டியும் ஒடியாமல் நின்றால்
அதுவும் சிவப்பு டப்பா;
அன்றைக்குப் பேட்ச் முழுக்க நிற்கும்,
சாம்ராஜ் சார் தலையைச் சொறிவார்.

"கெட்டியா இருந்தா நல்லதுதானேக்கா?"
புதிதாய்ச் சேர்ந்த கெம்பராஜ் கேட்டான்.
ஆடிட்டுக்கு வந்த கையேட்டை எடுத்துக் கொடுத்தேன்.
மொழி புரியாவிட்டாலும் படம் புரியும்:
சுருள் கத்தி கல்லில் மாட்டுகிறது,
ஆணி இரண்டாகிறது,
கியர் பாக்ஸ் பிழைக்கிறது.
அடுத்த படத்தில் எறிகுழாய்க்குள் ஒரு கை,
குறுக்கே சிவப்புக் கோடு.
அடைத்தால் இன்ஜினை நிறுத்து,
பிளக் வயரைக் கழற்று,
பொறு (நின்றது போலிருக்கும், நின்றிருக்காது)
பிறகு குச்சியால் குத்து.
பருவம் முடிந்தால் டாங்கில் பெட்ரோல் வைக்காதே.

கடைசிப் பக்கத்தில் கம்பளித் தொப்பியில் ஒருவர்
சிரித்துக்கொண்டே கயிற்றை இழுக்கிறார்.
நான் நம்பவில்லை.
ஆறாவது இழுப்பில் தோள் கழன்று
அந்த ஊர்க் கெட்ட வார்த்தை ஒன்று சொல்லியிருப்பார்.
எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

கெலமங்கலத்தில்
மச்சினர் திம்மராயனின் பவர் வீடர்
அதற்குப் பங்காளி முறை.
அதே கயிறு, அதே இருமல்,
சுருளில் பனிக்குப் பதில் செம்மண்.
எங்கள் ராகிக் கொல்லையில் மண்ணைவிடக் கல் அதிகம்.
வாரத்துக்கு மூன்று ஆணி போயிற்று.
இருபது ரூபாய்ச் சாமானுக்கு ராயக்கோட்டைக்கு யார் அலைவது என்று
லாரிப் பட்டறையில் கேட்டு ஒரு போல்ட் போட்டார்.
கறுப்பு. தலையில் எண் பொறித்தது.
"ஜென்மத்துக்கும் ஒடியாது."

வயிற்றைக் கலக்கியது. சொன்னேன்.
"உங்க கம்பெனி ஆணி பஞ்சு மாதிரி பனிக்கு.
இது கல்லும்மா."

ஒடியவில்லைதான்.
வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு
புதைந்திருந்த கருங்கல் ஒன்று.
போல்ட்டின் மினுக்குக்கூடப் போகவில்லை.
கியர் பாக்ஸ் விரிந்து
இரண்டு சால் நீளத்துக்கு எண்ணெய்.
பதினோராயிரத்து நானூறு,
பழைய பல்சக்கரம் போட்டால் ஒன்பது.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாததை ரசம் ஊற்றும்போது
அவர் கேட்டிருக்க வேண்டும்.
"உங்க கம்பெனி ஆணி நாலு..." என்று இழுத்தார்.
கேட்டில் டிபன் டப்பாவைத் திறந்து பார்ப்பார்கள்.
அதோடு அவை அங்குலக் கணக்கு, இதில் நுழையாது.

ஞாயிற்றுக்கிழமை நானே பஸ் ஏறி
பத்து வாங்கி வந்தேன்.
ஒன்றை வைஸில் கடித்துப் பிடித்து
சுத்தியலால் ஓங்கி அடித்தேன்.
பள்ளத்தில், சரியாக.
"ஐயோ, நல்ல ஆணிய ஏன் ஒடிக்கிறே?"
"நல்லதான்னு வேற எப்படிப் பாக்கறது?"
மீதி ஒன்பதையும் மாத்திரை டப்பாவில் போட்டு
கைப்பிடியில் ட்யூப் ரப்பரால் கட்டினேன்.
சுருளின் தண்டுக்கு கிரீஸ் வைத்தார்,
நான் கேட்காமலே.

புதன் மதியம் சாப்பாட்டு மணிக்கு போன்.
"ஒடிஞ்சிடுச்சு."
கோபமா சந்தோஷமா, குரலில் பிடிபடவில்லை.
பின்னால் காற்று, எங்கோ ஒரு நாய்.
"எந்த எடத்துல?" என்றேன்,
பேனா மூடியைப்
பல்லால் கழற்றிக்கொண்டே.